மக்கள் வாழும் கோட்டை: சுற்றுலாவுக்கும் சட்டத்துக்கும் இடையே ஜெய்சால்மர்

புதுதில்லி: வரலாற்றுச் சின்னங்களைக் காப்பது எப்படி என்ற விவாதம் நாடாளுமன்றத்தில் எழும்போதெல்லாம், அங்கு வசிப்போரை என்ன செய்வது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. இக்கேள்வியை மிகக் கூர்மையாக எதிர்கொண்டு நிற்பது ராஜஸ்தானின் ஜெய்சால்மர் கோட்டை.

கி.பி. 1156-இல் பாட்டி ராஜபுத்திர மன்னர் ராவல் ஜெய்சால், திரிகூட மலை மீது எழுப்பிய கோட்டை இது. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து சுமார் 250 அடி உயரத்தில், 99 கொத்தளங்களுடன் நிற்கிறது. மஞ்சள் மணற்கல் மாலை வெயிலில் பொன்னாக ஒளிர்வதால் "பொற்கோட்டை" எனப்படுகிறது. சத்யஜித் ராயின் "சோனார் கெல்லா" திரைப்படம் 1974-இல் வெளிவந்த பிறகு, வங்காளத்திலிருந்து வரும் பயணிகளுக்கு இது தவிர்க்க முடியாத தலமாயிற்று.

மற்றக் கோட்டைகள் மாலையில் கதவடைத்துவிடும். ஜெய்சால்மரில் அது இயலாது. மன்னர்களிடம் பணிபுரிந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் உள்பட சில ஆயிரம் பேர் இன்றும் உள்ளே வசிக்கின்றனர். குடியிருப்பு என்பதால் கோட்டைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. அரண்மனை அருங்காட்சியகம், சமணக் கோயில்களுக்கு மட்டுமே கட்டணம். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில், நான்கு வாயில்களைக் கடந்து செல்லும் அந்த ஒரே சரிவுப் பாதையில் பயணிகள், ஆட்டோக்கள், மாடுகள், பள்ளிச் சிறார் என அனைவரும் நெருக்கியடித்தே செல்ல வேண்டியுள்ளது.

நீரே பகை: கோட்டைக்குப் பகைவர் படையைவிடப் பெருங்கேடு விளைவித்தது தண்ணீர்தான். கடிசர் ஏரியிலிருந்து குடங்களில் சுமந்து வந்த நீரைச் சிக்கனமாகச் செலவிட்ட காலத்துக்கேற்ப அமைந்த வீடுகள் இவை. குழாய் நீர் வந்தது. தொடர்ந்து விடுதிகளும் உணவகங்களும் பெருகின. பழைய வடிகால்களால் தாங்க முடியாத கழிவுநீர் மலைக்குள் இறங்கியது. மணற்கல்லுக்கு அடியில் உள்ள களிமண் படிவங்கள் நீரில் ஊறி இளகின. 1990-களின் இறுதியில் சில கொத்தளங்கள் சரிந்தன. உலக நினைவுச்சின்னங்கள் நிதியம் 1996 முதல் இக்கோட்டையை அபாயப் பட்டியலில் சேர்த்து எச்சரித்தது. 2013-இல் ராஜஸ்தானின் மேலும் ஐந்து மலைக்கோட்டைகளுடன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. எனினும் 2024 ஆகஸ்டில் பெய்த பலத்த மழையில் சுவரின் ஒரு பகுதி மீண்டும் இடிந்து விழுந்தது.

சட்டத்தின் பிடி: தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். ஒழுகும் கூரையைச் செப்பனிடத் தாமதமானால் நீர் மேலும் கசியும். சின்னத்தைக் காக்க வந்த விதியே சின்னத்துக்கு ஊறாகும் என்பதே இதிலுள்ள முரண்.

இத்தடையைத் தளர்த்தி, மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு வழிவிடும் மசோதா 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியது. வரலாற்று அறிஞர்களின் எதிர்ப்புக்கிடையே அது மாநிலங்களவையின் தேர்வுக் குழுவுக்குச் சென்றது, சட்டமாகவில்லை. 2023 செப்டம்பரில், போக்குவரத்து, சுற்றுலா, பண்பாடு தொடர்பான நாடாளுமன்ற நிலைக்குழு இப்பிரச்னையை வேறு கோணத்தில் அணுகியது. நாட்டின் 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்கள் அனைத்துக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவதால் மக்கள் அவதியுறுவதாகவும், சில இடங்களில் முழுக் கிராமங்களே 300 மீட்டருக்குள் அடங்கிவிடுவதாகவும், கழிப்பறையைப் பழுதுபார்ப்பதுகூடக் கடினமாக உள்ளதாகவும் அக்குழு சுட்டிக்காட்டியது.

யார் வெளியேறுவது?: குடியிருப்போரை அப்புறப்படுத்தினால் நீர்க்கசிவு குறையும் என்பது ஒரு வாதம். ஆனால் கோயில் மணியும் அடுப்புப் புகையும் இல்லாத கோட்டை வெறும் கற்குவியலாகிவிடும் என்பது மறுவாதம். பயணிகள் தேடி வருவதும் அந்த உயிரோட்டத்தைத்தான். வீட்டில் வசிப்பவரின் நீர்த் தேவையும் விடுதி நடத்துபவரின் நீர்த் தேவையும் ஒன்றல்ல. சட்டம் அந்த வேறுபாட்டை உணர்ந்து, குடும்பங்களுக்கு விரைவான அனுமதியும் வணிகத்துக்குக் கடுமையான வரம்பும் விதிக்காதவரை, எட்டரை நூற்றாண்டுகளைக் கடந்த அந்தச் சுவர்கள் ஒவ்வொரு மழைக்கும் அஞ்சியே நிற்க வேண்டியிருக்கும்.