ஹோம்ஸ் காணாத தடயம்

துப்பறியும் கதையைப் படிப்பது ஒரு சுவை. அதை வெள்ளித்திரையிற் காண்பது வேறொரு சுவை. இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துவிடும் என்று கூறுவோரும் உளர். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சேர்லொக் ஹோம்ஸ்: எ கேம் ஒவ் ஷடோஸ்’ என்னும் ஆங்கிலப் படத்தைக் காண்பவர் அக்கட்சியிற் சேர்ந்துவிடவும் கூடும். 2009இல் வந்த படத்தின் தொடர்ச்சியாகக் கை ரிச்சி நெறிப்படுத்திய படம் இது. ரொபர்ட் டவுனி ஹோம்ஸாகவும் ஜூட் லோ வாட்சனாகவும் மீண்டும் தோன்றுகின்றனர். ஓடும் புகைவண்டியில் துப்பாக்கி வெடிக்கிறது. ஜெர்மனியக் காட்டில் பீரங்கிக் குண்டுகள் மரங்களைப் பிளக்கின்றன. பேக்கர் வீதி அறையிலே புகைக்குழாயும் கையுமாகச் சிந்தனையில் ஆழ்ந்திருந்த பழைய ஹோம்ஸை நாடிச் செல்பவர் ஏமாற்றமே அடைவர்.

வேடம் புனைவதில் இந்த ஹோம்ஸ் நம் திகம்பர சாமியாருக்குச் சளைத்தவரல்லர். வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த அச்சாமியார், 1950இல் மொடேர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படத்தில் நம்பியாரின் உருவிலே வந்து நம் பாட்டன்மார் தலைமுறையை மகிழ்வித்தவர். அடிதடியும் வேடமும் தமிழ் இரசிகருக்குப் புதியன அல்ல. ஆகவே இப்படத்தை அவற்றுக்காகப் பாராட்டவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம்.

நம் கருத்தை ஈர்ப்பது அதன் குற்றவாளி. 1893இல் ஆர்தர் கொனன் டொயில் எழுதிய ‘இறுதிப் பிரச்சினை’ என்னும் கதையில், பேராசிரியர் மொரியாட்டி இலண்டன் மாநகரின் குற்றங்களை மறைவிலிருந்து இயக்குபவர். அவர் செய்த குற்றம் இன்னதென்று ஆசிரியர் விரித்துரைக்கவில்லை. படத்தை ஆக்கியோர் அவ்வெற்றிடத்தை நிரப்பினர். இந்தியப் பருத்தி வணிகர் ஒருவர் சீரழிகிறார். சீன அபின் வணிகர் ஒருவர் இறக்கிறார். அமெரிக்க எஃகு முதலாளி ஒருவர் மடிகிறார். சுடுவதற்குத் துப்பாக்கி, சுடப்பட்டவனுக்குக் கட்டுத்துணி ஆகிய இரண்டையும் தாமே கைப்பற்றிக்கொண்டு, பின்னர் ஐரோப்பாவைப் போருக்குத் தூண்டுவதே பேராசிரியரின் திட்டம். கொலையாளியைத் தேடிய துப்பறியும் கலை இங்கே கணக்கேட்டைத் தேடப் புறப்படுகிறது. தொடர்ச்சிப் படம் முதற்படத்தை விஞ்சுவது இந்த ஓரிடத்தில்தான் என்பது நம் துணிபு.

அக்கணக்கேடு ஒரு சிறு சிவப்புப் புத்தகம். சங்கேத எழுத்தில் அமைந்த அதற்குத் திறவுகோலாவது வீட்டுத் தோட்டக்கலை பற்றிய நூல். பேராசிரியரின் அறையில் அந்நூலைக் கண்ட ஹோம்ஸ், அங்கிருந்த மலர்ச்செடி வாடிக் கிடப்பதையும் கண்டார். செடி வளர்க்காதவனுக்குத் தோட்டநூல் எதற்கு என்னும் ஐயத்திலே மர்மம் அவிழ்கிறது. இத்தனை வெடிமுழக்கத்துக்கும் நடுவே பழைய ஹோம்ஸ் கண் விழிக்கும் இடம் இது.

வாடிய செடி, கடன் எழுதிய ஏடு என்றவுடன் மலைநாட்டு வாசகரின் நெஞ்சம் வேறெங்கோ சென்றால் அதில் வியப்பில்லை. படக்கதை நிகழ்வது 1891இல். அதற்கு ஆறாண்டு முன்னர், 1885இல், புகைவண்டி நானுஓயாவை எட்டிவிட்டது. 1890இல் தொமஸ் லிப்டன் இங்கே தோட்டங்களை வாங்கினார். கோப்பி மாண்ட நிலத்திலே தேயிலை தழைத்துக்கொண்டிருந்த காலம் அது.

கோப்பியின் சாவையும் ஒருவர் துப்பறிந்தார் என்பதைப் பலர் அறியார். 1869இல் இலைகளின் அடியிலே செம்மஞ்சட் பொடி படிந்த நோய் தோன்றியது. பேராதனைப் பூங்காவின் அதிபர் துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்னும் அறிஞர் நோய்க்காளானுக்குப் பெயர் சூட்டினார். 1880இல் மார்சல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இங்கு வந்து ஈராண்டு தங்கி, காற்றிலே பறக்கும் நுண்வித்துகளே நோயைப் பரப்புகின்றன என்று காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை நட்டிருந்தமையால் அக்காற்றுக்குத் தடையே இல்லாது போயிற்று. குற்றவாளி அகப்பட்டது, ஆயினும் மருந்து அகப்படவில்லை. வார்ட் 1882இல் ஊர் திரும்பினார்.

இவ்வீழ்ச்சியைக் கொனன் டொயில் நன்கறிந்திருந்தார். 1891இல் வந்த முதல் ஹோம்ஸ் சிறுகதையிலேயே, திருகோணமலையில் ஹோம்ஸ் தீர்த்துவைத்த ஒரு வழக்கைப் பெயரளவிற் குறிப்பிட்டுச் செல்கிறார். 1892இல் அவர் எழுதிய ‘டி புரொபண்டிஸ்’ என்ற கதையின் தலைவன் இலங்கைக் கோப்பி வணிகன். ஒரே தொழில் அழிந்தபின் சில ஆண்டுகளில் மற்றொன்றை எழுப்பிய மனவுறுதியை அக்கதையில் வியந்து, வாட்டர்லூவின் சிங்கச் சிலையைப் போலவே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களும் வீரத்துக்கு நினைவுச்சின்னம் என்று பாராட்டுகிறார். தேயிலையின் புகழ் பாடுவோர் இன்றும் மேற்கோள் காட்டும் வாசகம் அது.

அந்த வீரம் தோட்டத்துரைமாரின் வீரம். காட்டை வெட்டியவரும், கோப்பியைப் பிடுங்கித் தேயிலையை நட்டவரும் அவ்வாசகத்தில் இல்லை. அதே 1892இன் இறுதியில் வெளியான ‘சில்வர் பிளேஸ்’ கதையில், இரவில் நாய் குரைக்கவில்லை என்ற மௌனத்தையே ஹோம்ஸ் தடயமாகக் கொள்கிறார். தம் துப்பறிவாளருக்கு அவர் கற்பித்த அப்பாடத்தைத் தம் வாசகத்திற் பொருத்திப் பார்க்க ஆசிரியர் மறந்தார் போலும்.

உவமையோ அவரையே காட்டிக்கொடுக்கிறது. வாட்டர்லூச் சிங்கம் நிற்பது 40 மீற்றர் உயரமான ஒரு செயற்கைக் குன்றின்மேல். 1826இல் முற்றுப்பெற்ற அக்குன்றுக்கு, லியேஜ் நகரத்துப் பெண்கள் முதுகுக் கூடைகளில் மண் சுமந்தனர். படங்கைக் கட்டி, கூடைக்கயிற்றைத் தலையிலிட்டு மலையேறும் நம் பெண்களை டொயில் அறியாமலே அவ்வுவமைக்குள் அழைத்துவிட்டார்!

கோப்பிக்காலத்தில் அறுவடைக்கு வந்து ஊர் திரும்பியவர் பலர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தரும் பயிர். ஆகவே தென்னிந்தியக் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. அவர்களைக் கட்டிவைத்தது ‘துண்டு’ என்னும் சிறு தாள். கங்காணியிடம் பட்ட கடனை அடைத்தால் தொழிலாளியை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதித்தரும் சீட்டு அது; அடுத்த தோட்டம் அக்கடனைக் கொடுத்து ஆளை ஏற்கும், கடன் ஆளைத் தொடரும். 1921இல் சட்டம் அதை ஒழிக்கும்வரை ஒரு மனிதனின் விலை ஒரு தாளில் எழுதப்பட்டு மலைக்கு மலை சென்றது. மொரியாட்டியின் சிவப்புப் புத்தகத்தை வாசிக்கத் தோட்டக்கலை நூல் வேண்டியிருந்தது. துண்டை வாசிக்கத் திறவுகோல் தேவையில்லை. அது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது.

மற்றவர் கையைக் கண்டே தொழிலைக் கூறுபவர் ஹோம்ஸ். கொழுந்துச்சாறு ஊறிக் கறுத்த விரல்நுனிகளை அவர் முன் நீட்டியிருந்தால் என்ன கூறியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சி. நம் துப்பறியும் எழுத்தாளரும் இலண்டன் மூடுபனியை விட்டு நுவரெலியாப் பனிக்குள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

ஹோம்ஸும் மொரியாட்டியும் ரைகன்பாக் அருவியில் வீழ்ந்த நாள், மூலக்கதைப்படி, 1891 மே 4. படத்தில் அக்காட்சி நேர்த்தியானது. சதுரங்கம் ஆடியபடியே இருவரும் வரப்போகும் சண்டையை மனத்துள் நடத்திப் பார்க்கின்றனர். தோல்வி உறுதி எனக் கண்ட ஹோம்ஸ், பகைவனை அணைத்தபடி பள்ளத்திற் பாய்கிறார். ஆனால் அவர் பிழைத்துக்கொள்கிறார். தொடர்ச்சிகளுக்கு அது வசதி.

அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின், 1892 மே 2இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் மறைந்தார். 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டு இத்தொழிலைத் தொடங்கியவர் அவர். பருத்த உடலினரான அவரது பேழையை மலைப்பாதை வழியே கண்டி மகியாவை மயானத்துக்குச் சுமந்தவர் 24 பேர். பன்னிருவர் கொண்ட இரு அணிகளாய், 4 மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றினர். ‘சாமி துரை’ என்று அவரை அழைத்த தொழிலாளரும் கங்காணிமாரும் பின்னே நடந்தனர். இலங்கைத் தேயிலைத் தொழிலின் முன்னோடி என்று கல்லறையிற் பொறித்துள்ளனர். அக்கல்லில் இருப்பது டெயிலரின் பெயர் ஒன்றே.