சிலந்தியும் உழவரும்

கே.கே. நகரில் எம் வீட்டுச் சுவர் மூலையிற் சிலந்தி தோன்றின், அன்னையார் கை ஒட்டடைக்கோலை நாடும். யாமும் அங்ஙனமே அதனைக் கொன்று வந்தோம். ஆறு காலுடைய பூச்சியினத்தின் வேறாய், எட்டுக் காலுடைய அவ்வுயிர் பூச்சிகளையே உண்பது. நெற்பயிரைக் கருக்கும் புகையானை வயற்சிலந்திகள் பெரிதும் தின்கின்றன. மருந்து தெளிக்குங்கால் அவையும் மடியப் புகையான் மீண்டும் பெருகுகின்றது.

சிலந்திகளை ஆராய்ந்த முனைவர் கே. விஜயலட்சுமி அம்மையார், பிரஸ்டன் அகிமாஸ் என்பாருடன் 1993-ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிமுக நூல் இயற்றினார். சென்னைக் க்ரியா பதிப்பகத்தார் அதனை வெளியிட்டனர். பின்னர் இந்நகரத்து இந்திய அறிவு முறைகள் மையத்தின் வாயிலாக நஞ்சில்லா வேளாண்மையை உழவர்க்குக் கற்பித்தார். ஆராய்ந்ததை உழவர்க்கு விளங்குஞ் சொல்லாற் கூறுதல் இத்தொழிலிற் பாதி. அப்பாதி தமிழ் மாணவராகிய எமக்கும் உரியதன்றோ?