‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்

எண்பதைத் தாண்டியவர்களை என்னிடம் சிகிச்சைக்கு அழைத்து வரும்போது உறவினர்கள் வழக்கமாகச் சொல்வது இது: “ஒரு வாரமா என்னென்னமோ பேசுறாங்க டாக்டர், வயசாயிடுச்சில்ல?” அந்த ஒரு வாரத் தாமதம்தான் கோபத்தைக் கிளப்புகிறது.

திடீர்க் குழப்பம் முதுமையல்ல

நேற்றுவரை பேரனைப் பெயர் சொல்லி அழைத்த பாட்டி இன்று “யாருப்பா நீ?” என்று கேட்டால், அதை மறதி நோய் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். இரண்டு நாளில் வந்த குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம். இந்த வயதில் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போவதுண்டு. இன்னொன்று, உப்பு. பிபி இருக்கிறதென்று உப்பையே நிறுத்திவிட்டு, நீர் பிரியும் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, வெறுங்கஞ்சி குடிப்பவருக்குச் சோடியம் குறைந்து புத்தி தடுமாறும். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையிலேயே பல சமயம் காரணம் தெரிந்துவிடும்.

செட்டு மாத்திரையும் நாலு சீட்டும்

கிராமத்துப் பெரியவர்களுக்கு நடை உண்டு, திண்ணைப் பேச்சு உண்டு, அதனால் ஆரோக்கியம் என்கிறார்கள். பாதி உண்மை. அதே திண்ணைத் தாத்தா மூட்டுவலிக்கு மெடிக்கலில் பொட்டலம் மடித்துத் தரும் ‘செட்டு’ மாத்திரை வாங்குகிறார். பல சமயம் அதில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருக்கும். வலி பறந்துவிடும், பிறகு ரத்த வாந்தியோடோ, சிறுநீரகம் கெட்டோ வருகிறார்.

விழுந்து இடுப்பு முறிந்தால் எண்ணெய்க் கட்டு; வாரங்கள் கழித்துப் படுக்கைப் புண்ணோடு வருகை. “இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா?” என்று கேட்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தாங்கும். தாங்காதது படுத்தே கிடப்பதுதான். இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து எழுப்பி உட்கார வைக்க வேண்டும்.

நகரத்திலோ நாலு ஸ்பெஷலிஸ்ட், நாலு சீட்டு, ஒரே மருந்து இரண்டு பெயரில். போதாததற்குத் தூக்க மாத்திரை. எழுந்ததும் தலைசுற்றி பாத்ரூம் டைல்ஸில் விழுகிறார்கள்.

தயவுசெய்து

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் பிபி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை வருகிறதே என்று டாக்டரைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், சூரணம், லேகியம் உட்பட. ராத்திரி எழப் பயந்து தண்ணீரைக் குறைக்கிறார்களா என்று கேளுங்கள். தாமாகச் சொல்ல மாட்டார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், கழிப்பறையில் ஒரு கைப்பிடிக் கம்பியும் போகும் வழியில் ஒரு விளக்கும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.