கட்டுச்சோறு இல்லாத விதை

வடசென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் பயோமைனிங் பணி பற்றிய செய்தி வரும்போதெல்லாம், மீண்ட நிலத்தில் எதை வளர்ப்பது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. அந்தக் கிடங்கின் புகையைப் பல்லாண்டுகளாகச் சுவாசித்துவரும் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி மக்களுக்கு அது பொழுதுபோக்குக் கேள்வி அன்று. விடையாகப் பெரும்பாலும் மரக்கன்றுகளின் எண்ணிக்கையே சொல்லப்படுகிறது. கன்றுகளை நெருக்கி நடும் மியாவாக்கி முறை விரைவில் நிழல் தரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனால் சில ஆண்டுகளில் காடு உருவாகிவிடும் என்ற பேச்சு ஏற்கத்தக்கதன்று. கன்றாக வாங்கி வந்து நட முடியாத உயிர்கள் காட்டில் எத்தனையோ உண்டு என்பதற்குச் சென்னையின் ஓரத்திலேயே இயற்கையாக வளரும் ஒரு தரை ஆர்க்கிட் நல்ல சான்று.

யூலோபியா எபிடென்ட்ரியா என்பது அதன் அறிவியல் பெயர். மரக்கிளையைப் பற்றி வாழும் ஒட்டு ஆர்க்கிட்டுகளைப் போலன்றி இது மண்ணில் வேரூன்றி வளர்கிறது. சோழமண்டலக் கரையை ஒட்டிய உலர்ந்த புதர்க்காடுகளில், களா, காரை, சூரை ஆகிய முட்செடிகளின் அரைநிழலில், நீரையும் உணவையும் சேமிக்கும் பருத்த தண்டுகளான போலிக்குமிழ்கள் கொத்தாக நிற்க, அவற்றின் அடியிலிருந்து நீண்ட பூந்தண்டு எழுகிறது. பசுமஞ்சள் இதழ்களுக்கு நடுவே வெளிறிய உதட்டிதழும், அதன்மேல் ஊதா நரம்புகளும், சிறு கொண்டை போன்ற மேடும் தென்படும். யூலோபியா என்ற கிரேக்கச் சொல்லுக்கே நல்ல கொண்டை என்றுதான் பொருள். மேடவாக்கத்தை அடுத்து ஏறத்தாழ 320 ஹெக்டேரில் உள்ள நன்மங்கலம் காப்புக்காடு இத்தகைய தரை ஆர்க்கிட்டுகளுக்காகவே தாவரவியலாளரிடையே பேசப்படுவது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து தென்னிந்தியச் செடிகளைத் திரட்டினார். அவர் 1785இல் இறந்த பின், அவர் விட்டுச்சென்ற விவரிப்பைக் கொண்டு இவ்வினத்தைத் தாவரவியலாளர் ரெட்சியஸ் 1791இல் வெளியிட்டார்.

உண்மையான வியப்பு விதையில் இருக்கிறது. ஓர் ஆர்க்கிட் காய்க்குள் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் பத்து லட்சத்துக்கும் மேல், விதைகள் உள்ளன. முதிர்ந்த காய் வெடித்ததும் அவை முகப்பவுடர் போலக் காற்றில் பறக்கின்றன. ஒவ்வொன்றும் காற்று நிரம்பிய மெல்லிய உறையும், அதனுள் வேர், இலை என்ற வேறுபாடு ஏதுமில்லாத ஒரு சிறு செல் திரளுமே. முளைக்கும் கருவுக்கு ஊட்டம் தரும் முளைசூழ்தசை அறவே இல்லை. தேங்காய் தன் பிள்ளைக்கு மாதக்கணக்கில் தாங்கும் கட்டுச்சோற்றை மூட்டை கட்டி அனுப்புகிறது; ஆர்க்கிட்டோ கையில் காசில்லாமல் பிள்ளைகளை ஊர்விட்டு ஊர் அனுப்பிவிடுகிறது. அப்படி வந்து சேரும் பிள்ளைக்குக் கணக்கு வைத்துச் சோறு போட ஒரு மெஸ் வேண்டும். மண்ணில் வாழும் சில பூஞ்சைகளே அந்த மெஸ்.

பூஞ்சையின் இழை விதைக்குள் நுழைந்து, கருவின் செல்களில் நூற்கண்டு போலச் சுருண்டுகொள்கிறது. வேறு செடியில் இது நோயாகியிருக்கும். நெல்லில் இலையுறைக் கருகலை உண்டாக்கும் ரைசோக்டோனியாவின் சுற்றத்தைச் சேர்ந்தவையே ஆர்க்கிட்டின் பூஞ்சைகளிலும் பல. இங்கோ, ஆர்க்கிட் செல் அந்த நூற்கண்டைச் சீரணித்துவிடுகிறது. பின்னர் அதே செல்லில் புதிய இழை வந்து சுருள்கிறது. அதாவது, சாப்பிட வந்தவர் பரிமாறியவரின் கையையே தின்றுவிட, மறுநாளும் அந்த மெஸ் திறந்தேயிருக்கிறது. மட்கிய இலைகளிலிருந்து பூஞ்சை சேர்த்த சர்க்கரை இவ்வாறு கருவுக்குள் செல்ல, அது முளைத்தண்டம் எனப்படும் வெண்ணிறச் சிறு உருண்டையாகப் பருத்து, இலை விடும் வரை மண்ணுக்குள்ளேயே வாழ்கிறது. இலை பச்சையான பின் பாக்கி தீர்க்கப்படுகிறதா என்பதும் ஆராயப்பட்டுள்ளது: குட்யேரா ரெபென்ஸ் என்ற தரை ஆர்க்கிட்டில் கார்பனின் ஐசோடோப்புகளைப் பின்தொடர்ந்த பிரிட்டன் ஆய்வாளர்கள், வளர்ந்த செடியிலிருந்து பூஞ்சைக்கும் கார்பன் செல்வதை 2006இல் காட்டினர்.

விதை முளைக்கப் பூஞ்சை தேவை என்பதைப் பிரான்சின் நோயல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த கடற்பாசிக் கூழில் பூஞ்சையின்றியே விதைகளை முளைக்கவைத்தார். ரமலான் மாதத்தில் வடசென்னை வீடுகளில் இனிப்பாகும் அதே கடற்பாசியில் கலந்த சர்க்கரைதான் ஆய்வகத்தில் மெஸ்ஸின் வேலையைச் செய்தது. ஆர்க்கிட் வணிகம் பெருகியதற்கு இம்முறையே அடிப்படை. ஆயினும் 'அழியும் ஆர்க்கிட்டை ஆய்வகத்தில் பெருக்கிக் காப்பாற்றிவிட்டோம்' என்ற அறிவிப்பைக் கவனமாகவே படிக்க வேண்டும்: கண்ணாடிக் குடுவையில் வளர்ந்த செடியைக் காட்டில் நட்டால் அது பூக்கவும் கூடும், ஆனால் அங்கே உரிய பூஞ்சை இல்லையெனில் அதன் விதைகளில் ஒன்றும் முளைக்காது, நட்ட செடி பட்டுப்போவதோடு அந்த வமிசம் முடிந்துவிடும்.

கொடுங்கையூர் நிலம் சதுப்பு. யூலோபியாவோ மேட்டு நிலப் புதர்க்காட்டுச் செடி. எனவே அங்கே இதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதன்று இக்கட்டுரையின் கருத்து. முட்புதர் மண்டிய நிலம் 'வெற்றுநிலம்' என்று கணக்கில் எழுதப்பட்டு, பொக்லைன் வைத்து வழிக்கப்படும்போது, களாவும் சூரையும் மட்டுமன்றி, அவற்றின் சருகை உண்டு வாழ்ந்த பூஞ்சையின் பின்னலும் கிழிபடுகிறது. அந்த இழப்பு எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறுவதில்லை.

அந்தப் பின்னல் ஓரிடத்தில் உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ராஸ்முசென், விகாம் ஆகிய ஆய்வாளர்கள் 1993இல் விவரித்த முறையின்படி, விதை வெளியேற முடியாத, ஆனால் பூஞ்சை இழை நுழையக்கூடிய நுண்ணிய நைலான் வலைத்துண்டில் சிட்டிகை விதையை மடித்து, புகைப்பட ஸ்லைடின் சட்டத்தில் செருகி, விரல் ஆழத்தில் புதைத்து, பல மாதங்கள் கழித்துத் தோண்டியெடுத்து உருப்பெருக்கியின் அடியில் பிரிக்கிறார்கள். சில மண்ணில் புதைத்தவற்றில் விதை போட்டபடியே தூசாகக் கிடக்கும்; சிலவற்றில் உறையைக் கிழித்துக்கொண்டு, குண்டூசித் தலையளவு வெள்ளை உருண்டைகள் பருத்திருக்கும்.