கானில் வளையும் புல்

ஐப்பசி பிறந்து ஊவா மலைகளில் மழை வலுக்கும்போது, பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் முதலில் கவனிக்கப்பட வேண்டியவை கான்களே. தோட்ட மக்கள் கான் என வழங்குவது, சரிவுக்குக் குறுக்கே வெட்டப்படும் வடிகாலை. அதில் நீர் விரைந்தோடினால் மேல்மண்ணை வாரிச் செல்லும். தேங்கினால் சரிவுக்குள் ஊறி நிலத்தைப் பாரமாக்கும். நீர் ஊறிய மலைச்சரிவு எத்துணைக் கொடியது என்பதை, 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்ட லயன்களை மூடிய மண்சரிவு காட்டிற்று.

கானில் புல் நிற்பின் நீரின் வேகம் தணியும். எவ்வளவு தணியும் என்ற வினாவோ தோன்றுமளவுக்கு எளிதன்று. கல்லும் சீமெந்தும் நீரோட்டத்துக்கு அசைவதில்லை; புல் வளைந்து கொடுக்கிறது. ஆழம் குறைந்த நீரில் அது நிமிர்ந்து நின்று தடுக்கும்; பெருக்கு மிகுந்தால் அலைந்தாடும்; மேலும் மிகுந்தால் படிந்துவிடும். அமெரிக்காவில் ரீ, பாமர் என்னும் இருவர் புல் வளர்த்த கால்வாய்களில் நீரை விட்டு அளந்து 1949இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மானிங் எண் எனப்படும் தடையளவு, புல் படிந்தபின் பத்திலொரு பங்களவுக்கும் இறங்கக்கூடும். ஆகவே தூறலில் அளந்த தடையைப் பெருமழைக்கும் கொள்வது, வேகத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகும். படிந்த புல் பயனற்றதும் அன்று. கூரையில் வேய்ந்த புல்லைப் போல மண்ணை மூடிக் காக்கிறது. மானாப்புல் போன்று கொத்தாக வளர்வனவற்றின் இடைவெளிகளிலேதான் நீர் ஒதுங்கி விரைந்து அரிக்கும்.

இதனைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நீர் தள்ளுவதால் தண்டு வளைகிறது. வளைந்த தண்டு நீரின் போக்கை மாற்றுகிறது. மாறிய நீர் வேறுவிதமாகத் தள்ளுகிறது. ஒன்றை முன்னரே அறிந்துகொண்டு மற்றதைக் கணிக்க வழியில்லை. ஆதலின் காலத்தை நொடியின் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் நீரின் விசையைத் தண்டுக்கும், தண்டின் நிலையை நீருக்கும் கொடுத்து, இரண்டும் இசையுமாறு கணிக்கின்றனர். இதய வால்வின் அசைவை ஆராய்வதற்காகச் சார்ள்ஸ் பெஸ்கின் 1972இல் வெளியிட்ட முறையில், நீருக்குரிய கட்டங்கள் அசையாதிருக்க, வளையும் பொருளைக் குறிக்கும் புள்ளிகள் அவற்றினூடே நகரும்.

ஒரு கானில் நிற்கும் எண்ணற்ற தண்டுகளை இவ்வாறு தனித்தனியே கணிப்பது கணினிக்கும் பெருஞ்சுமை. சில தண்டுகளை நுணுக்கமாகக் கணித்து, அதனின்று பெற்ற தடையைக் கான் முழுமைக்கும் பரப்புவதே நடைமுறை. அப்போதும் தண்டின் விறைப்பை நேரில் அளந்தே ஆகவேண்டும். பச்சைப் புல்லும், ஊவாவின் கச்சான் காற்றில் காய்ந்த புல்லும் ஒரே விதமாக வளைவதில்லை. வறட்சிக்குப் பின் வரும் முதல் மழை விழுவதோ காய்ந்த புல்லின் மீது.