ஒரு கூடைக்கு எத்தனை பைட்?

ஜாங்கோவில் கட்டிய ஒரு காய்கறிக் கடைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குப் புதிதாக 10,000 பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் கூடையில் 5 பொருள் போட்டுவிட்டு, வாங்காமலே போய்விடுகிறார்கள். இந்த எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. செஷன் சாவியின் நீளம், செஷனின் ஆயுள், கையொப்பம் ஆகியவை ஜாங்கோவின் இயல்பு அமைப்பில் இருப்பவை.

வந்தவர் யார் என்பதை ஹெச்டிடிபி நினைவில் வைப்பதில்லை. 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தது அந்தக் குறையைத் தீர்க்கத்தான். ஜாங்கோ பிரவுசரிடம் கொடுப்பது 32 எழுத்துச் சாவி ஒன்றை மட்டும். சிறிய ஆங்கில எழுத்து 26, இலக்கம் 10, ஆக 36 குறிகளிலிருந்து பொறுக்கிய 32. சுமார் 165 பிட். 64 பிட்டாவது வேண்டும் என்பது வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் சொல்லும் அளவு. ஊகித்துத் திறக்க வழியே இல்லை. குக்கியின் பெயரையும் சேர்த்தால் 42 பைட். செலவெல்லாம் சர்வரில் இருக்கும் செஷன் டேபிளில்தான்: சாவி, டேட்டா, காலாவதி நேரம் என்று அங்கே மூன்று நெடுவரிசைகள்.

கூடையில் என்ன வைக்கிறோம் என்பதில்தான் கணக்கு தொடங்குகிறது. பொருளின் பெயர், விலை, படத்தின் முகவரி எல்லாவற்றையும் செஷனிலேயே போட்டுவிட்டால் பக்கத்தில் காட்டுவது சுலபம். ‘கத்தரிக்காய்’ என்று போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு 7 எழுத்து. புள்ளியும் உயிர்க்குறியும் யூனிகோடில் தனித்தனி என்பதால் 12 குறி. யுடிஎஃப்-8இல் குறிக்கு 3 பைட் வீதம் 36. ஆனால் ஜாங்கோவின் செஷன் ஜேசன், ஆஸ்கிக்கு வெளியே உள்ள ஒவ்வொரு குறியையும் 6 எழுத்தாக விரித்து எழுதுகிறது, 72. அதன்மேல் பேஸ்64 வந்து மூன்றை நான்காக்குகிறது, 96. அதே பொருளின் எண் 4127 என்றால், ஜேசனில் அதற்கு 4 பைட் போதும். தமிழில் தளம் கட்டுகிற ஒவ்வொருவரும் இந்த வித்தியாசத்தை ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும். (சேமிக்கும் முன் ஜாங்கோ டேட்டாவைச் சுருக்கிப் பார்க்கும், சுருங்கினால் தொகை இறங்கும். இங்கே எழுதுவது சுருங்காத கணக்கு.)

பெயர், விலை, படம் சேர்த்துப் பொருளுக்கு 120 பைட் என்றால் 5 பொருளுக்கு 600. பேஸ்64இல் 800. ஜாங்கோ சேர்க்கும் நேர முத்திரை, கையொப்பம், நடுவே வரும் பிரிப்புக் குறிகள் மூன்றுக்கும் 51. ஆக ஒரு கூடை 851 பைட்.

செஷனின் ஆயுள் 12,09,600 விநாடி, அதாவது 14 நாள். எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பவை 1,40,000 பதிவுகள். டேட்டா நெடுவரிசை மட்டும் 119 மெகாபைட். இதில் பயப்பட ஒன்றுமில்லை. சிக்கல் 15ஆம் நாளில் ஆரம்பிக்கிறது. காலாவதியான பதிவை ஜாங்கோ தானாக அழிக்காது. கிளியர்செஷன்ஸ் கட்டளையை நாம்தான் கிரானில் போட்டுவைக்க வேண்டும். போடாவிட்டால் ஆண்டு முடிவில் 36,50,000 பதிவுகள், 3.1 ஜிகாபைட். அதில் 35,10,000 செத்தவை; நூற்றுக்கு 96. ஒவ்வொரு முழு பேக்கப்பிலும் அந்த 96உம் கூடவே போகும்.

பிஎச்பியில் வழி வேறு: அங்கே 1,440 விநாடி, அதாவது 24 நிமிடம் கடந்த செஷன் குப்பை. அதைக் கூட்டிப் பெருக்கும் வேலை, இயல்பு அமைப்பில் நூறு முறைக்கு ஒரு முறை என்ற வாய்ப்பில் நடக்கிறது. லாராவெலில் ஆயுள் 120 நிமிடம், வாய்ப்பு நூற்றுக்கு 2. அமைப்புக் கோப்பில் அதற்குப் பெயரே லாட்டரி. எனக்குக் கிரான்தான் பிடிக்கும். எப்போது ஓடியது என்று கேட்டால் பதில் சொல்லலாம்.

டேபிளே வேண்டாம், கையொப்பமிட்ட குக்கியிலேயே கூடையை வைப்போம் என்றால் வரம்பு 4,096 பைட். பெயருக்கு 10, முத்திரைக்கும் கையொப்பத்துக்கும் 51 போக மிச்சம் 4,035. பேஸ்64ஐக் கழித்தால் 3,026. அதாவது 25 பொருள். 40 வேண்டுகோள் போகும் பக்கத்துக்கு, 5 பொருள் கூடையே 34,440 பைட் சுமையாகிறது. சாவி மட்டும் என்றால் 1,680. ஹெச்டிடிபி/2 தலைப்புகளைச் சுருக்குவதால் இடைவெளி பெரிதும் குறையும். ஆனால் கையொப்பம் கூடையைத் திருத்தவிடாமல்தான் காக்கும், படிக்கவிடாமல் மறைக்காது.

காட்டும் பக்கத்துக்கும் செலவு உண்டு, அது பைட்டில் தெரியாது. பக்கத்தின் மேலே ‘வணக்கம்’ என்று சொல்லி லாகின் செய்தவரின் பெயரைக் காட்டுகிறோம். அந்த ஒரு வரிக்காகச் செஷனைத் தொட்டதும், பதில் குக்கியைப் பொறுத்து மாறும் என்ற தலைப்பை ஜாங்கோ சேர்த்துவிடுகிறது. 10,000 பேருக்கும் பொதுவாகக் கேஷிலிருந்து கொடுக்கக்கூடிய பக்கம், ஆளுக்கொரு பக்கமாகிவிடுகிறது. பெயரைத் தனி வேண்டுகோளில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் கேஷில் நிற்கும்.

இன்னொன்று, செஷனில் வைத்த விலை. கத்தரிக்காய் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. 13ஆம் நாள் திரும்பி வருபவருக்குக் கூடை பழைய விலையைத்தான் காட்டும். அளவிலும் தவறு வரலாம்: செஷனுக்குள் இருக்கும் கூடைக்குள் கைவிட்டு ஒன்றை இரண்டாக மாற்றினால் ஜாங்கோ அதைக் கவனிக்காது. மாடிஃபைட் என்ற கொடியை நாமே ஏற்றாவிட்டால் அடுத்த பக்கத்தில் மறுபடியும் ஒன்று.

பொருள் எண்ணும் அளவும் மட்டும் வைத்தால் கணக்கே வேறு. 5 பொருளுக்கு ஜேசன் 55 பைட், பேஸ்64இல் 74, முத்திரையும் கையொப்பமும் சேர்த்து 125. பெயரையும் அன்றைய விலையையும் படத்தையும் காட்டும்போது பொருள் டேபிளில் ஒரே கேள்வியில் எடுத்துக்கொள்ளலாம். 1,40,000 கூடைகளுக்கு 17.5 மெகாபைட், கிரானை ஓராண்டு மறந்தாலும் 456.