விரித்துச் சுட வேண்டிய களம்

ஸ்கீட் போட்டியில் சுடப்படுவது 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டு. சுண்ணாம்புக்கல் தூளும் தாரும் கலந்து வார்த்தது. களத்தின் இரு கோடிகளிலும் உள்ள கூண்டுகளிலிருந்து குறுக்காகப் பாயும். அது உடைபடுவது பெரும்பாலும் 20 மீட்டர் தூரத்துக்குள்தான். ஸ்கீட் துப்பாக்கியின் அமைப்பு இப்படி இருப்பதற்கு இந்தக் கிட்டத்துத் தூரமே காரணம்.

ஸ்கீட்டில் சுடும் ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு இருக்காது; 2 மில்லிமீட்டர் ஈய ரவைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். குழலை விட்டதும் அவை பரவத் தொடங்கும். குழல் முனையைக் கொஞ்சம் ஒடுக்கினால் பரவல் தாமதப்படும். அந்த ஒடுக்கம்தான் சோக். ஃபுல் சோக்கில் ஒடுக்கம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஸ்கீட் சோக்கில் 0.13 மில்லிமீட்டர்தான். 20 மீட்டரில் முன்னதன் ரவைக் கூட்டம் சுமார் 40 சென்டிமீட்டர் வட்டமாக நிற்கும். பின்னது 70-ஐ ஒட்டி விரியும்.

புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது டிராப் போட்டி. அதில் தட்டு சுடுபவரை விட்டு விலகி ஓடும், தூரமும் கூடுதல். அங்கே இறுக்கமான சோக் வேண்டும். அதையே ஸ்கீட் களத்தில் மாட்டினால், சரியாகப் பட்ட தட்டு தூள்தூளாகும். பார்க்க அழகுதான். ஆனால் ஒரு துண்டு பெயர்ந்தாலும் அதே ஒரு புள்ளிதான்.

குழலின் உள்விட்டத்தைச் சொல்லும் கேஜ் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே 12 கேஜ் குழலின் உள்விட்டம்: 18.5 மில்லிமீட்டர். எண் கூடினால் குழல் சிறுக்கும். 28 கேஜ் 14 மில்லிமீட்டர். அமெரிக்க ஸ்கீட்டில் இவற்றோடு 20 கேஜும், அங்குலத்தில் அளக்கப்படும் .410-உம் உண்டு.

சிறிய குழலில் ரவை வலுவிழந்து போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே அளவு ரவை, ஒரே வேகத்தில் கிளம்பினால், எந்தக் குழலிலிருந்து வந்தாலும் அடி ஒன்றுதான். குறைவது எண்ணிக்கை. அமெரிக்க ஸ்கீட்டின் 12 கேஜ் தோட்டாவில் சுமார் 650 ரவைகள் என்றால் 28-இல் 430, .410-இல் 290. ஸ்கீட் தூரத்துக்கு 430 தாராளம். தோளில் உதையும் குறைவு. என்னைக் கேட்டால் 28 கேஜைத்தான் சொல்வேன். .410-இல்தான் சிக்கல்: பரவலின் ஓரத்தில் ரவைகளுக்கிடையே தட்டு நழுவிப் போகலாம்.

ஒலிம்பிக்கில் 12 கேஜ், 24 கிராம் ஈயம்; சுமார் 500 ரவைகள். ஆனாலும் நடுக்களத்தில், ரவை போய்ச் சேருவதற்குள் தட்டு ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தட்டையே குறிவைத்துச் சுடுபவரை 70 சென்டிமீட்டர் வட்டமும் காப்பாற்றாது. குழல் தட்டை முந்தி ஓட வேண்டும், விசையை இழுத்த பிறகும்.